தலையில்லாக் காசும் தலைதேடும் ஆய்வும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. கடையிற் கொடுக்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லிற் பிறழாத ஒழுக்கமும் நாணயம். ஒருவரை நாணயமானவர் என்று கூறும்போது அவர் மடியில் உள்ள காசைப்பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள உறவு ஊன்றி நோக்கத்தக்கது. முன்பின் அறியாத ஒருவர் நீட்டும் உலோகத் துண்டை வாங்கிக்கொண்டு நெல்லையோ மீனையோ அளந்து கொடுக்கும் செயலின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கின்றது. அந்நம்பிக்கை எதன்மேல் வைக்கப்படுகின்றது, அதனைக் காப்பவர் யார், அது பொய்த்தால் இழப்பவர் யார் என்பனவே காசு பற்றிய அடிப்படை வினாக்கள். இலங்கை நாணயங்களைப்பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, இவ்வினாக்கள் பின்தள்ளப்பட்டு, ‘இது யாருடைய காசு?’ என்னும் ஒரு வினாவே மேலோங்கி நிற்பதைக் காணலாம். அவ்வினாவின் பயனையும் எல்லையையும், பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் இத்தீவிற் புழங்கிய ஒருவகை வெள்ளிக் காசை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை நாணயவியலுக்கு முறையான அடித்தளம் இட்டவர் எச். டபிள்யூ. கொட்றிங்ரன். இலங்கையின் நாணயங்களையும் பணப்புழக்கத்தையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1924ஆம் ஆண்டு கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்தது. அதற்கு முன்னரே, 1920இல், சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்களைப்பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நந்தியின் உருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த செப்புக் காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவாகக் கருதும் போக்கை மறுத்து, அவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டவை என அவர் வாதிட்டார். 1926இல் வெளியான ‘பண்டைய யாழ்ப்பாணம்’ என்னும் ஆங்கில நூலில் முதலியார் இராசநாயகமும் இக்காசுகளை அவ்வரசின் சான்றுகளாகக் கொண்டார். அண்மைக்காலத்திற் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் வடபகுதியிற் கிடைத்த பல்வேறு காசுகளைத் தொகுத்து ஆராய்ந்து இத்துறையை மேலும் வளர்த்துள்ளார்.

இவ்வறிஞர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். ஓர் அரசு இருந்ததா என்பதே ஐயத்துக்குரியதாகப் பேசப்பட்ட காலத்தில், அவ்வரசின் காசு மண்ணிலிருந்து எழுந்து வந்து சாட்சி சொன்னது. எனவே ‘யாருடைய காசு?’ என்னும் வினா அன்று கேட்கப்பட வேண்டியிருந்தது, கேட்கப்பட்டதும் தகும். எனினும், ஒரு வழக்கில் வெற்றி தந்த வினா பின்னர் எல்லா வழக்குகளுக்கும் உரிய ஒரே வினாவாக மாறிவிடுதல் ஆய்வுலகில் அடிக்கடி நிகழ்வதாகும். கொட்றிங்ரனின் நூலிலும் ஆட்சிகளின் வரிசையே முதுகெலும்பாக அமைகின்றது. அவருக்குப் பின் வந்தோரிடம் இவ்வமைப்பு இன்னும் இறுகியது. ஒரு காசு கிடைத்தவுடன் அதில் தலையைத் தேடுவதும், தலை கிடைத்தால் வமிசத்தைத் தேடுவதும், வமிசம் கிடைத்தால் அதனை ஓர் இனத்துக்கு உரிமையாக்குவதும் ஆய்வின் இயல்பான படிகளாகக் கொள்ளப்பட்டன. காசு கொடியாக மாறிற்று. சிங்களத்தில் எழுதுவோருக்கும் தமிழில் எழுதுவோருக்கும் இவ்விடயத்தில் அதிக வேற்றுமை இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வமைப்புக்குள் அடங்க மறுக்கும் காசொன்று உண்டு. அதுவே லாரின் எனப்படுவது. பாரசீகத்தின் தென்பகுதியில் உள்ள லார் என்னும் நகரின் பெயரால் வழங்கிய இக்காசு, வட்டமாகவோ சதுரமாகவோ இருப்பதில்லை. ஏறத்தாழ ஐந்து கிராம் நிறையுள்ள வெள்ளிக் கம்பியை நடுவில் இரண்டாக மடித்து, அச்சுக்களின் இடையே வைத்துச் சுத்தியலால் அடித்துச் செய்யப்பட்டது அது. அச்சு அகலமானது, கம்பி ஒடுங்கியது. ஆதலால் அச்சில் முழுமையாக வெட்டப்பட்ட வாசகத்தின் சில கீற்றுகளே கம்பியில் விழும். பாரசீக வளைகுடாவிலிருந்து ஓர்மூஸ், கோவா, மாலைதீவு ஆகிய இடங்களின் வழியாக இந்துமாகடலின் மேற்குப் பரப்பெங்கும் இது பரவியது. பீஜப்பூர்ச் சுல்தான்களும் இவ்வகைக் காசை வெளியிட்டனர். மாலைதீவின் இன்றைய ரூபியாவின் நூறிலொரு பங்கு ‘லாரி’ எனப்படுவது அப்பரவலின் எஞ்சிய தடமாகும். இலங்கையில் மடித்த கம்பியைத் தூண்டில் முள்போல் வளைத்துவிடும் வழக்கம் நிலவியது. இங்கே செய்யப்பட்டவற்றில் அரபு எழுத்துகள்போல் தோன்றும் கீறல்கள் உள்ளனவேயன்றி, வாசிக்கத்தக்க வாசகம் பெரும்பாலும் இல்லை. தலையும் இல்லை, நந்தியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிங்களத்தில் வெள்ளியைக் குறிக்கும் ‘ரிதி’ என்னும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. உலோகத்தின் பெயரே காசின் பெயராக நிற்பது எண்ணத்தக்கது.

இக்காசு பற்றிய மிகச் சிறந்த சான்று, 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான றொபேட் நொக்ஸின் இலங்கை வரலாற்று நூலில் உள்ளது. 1660இற் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த நொக்ஸ், அங்கு வழங்கிய காசுகள் மூன்று வகையின எனக் கூறுகின்றார். முதலாவது, போர்த்துக்கேயர் அடித்த தங்கம் என்னும் வெள்ளிக் காசு. ஒருபுறம் அரச சின்னமும் மறுபுறம் துறவி ஒருவரின் உருவமும் கொண்டது. (‘தங்கா’ என்னும் நாணயப் பெயரின் திரிபாகிய இச்சொல்லைப் பொன் எனக் கொண்டு மயங்குதல் கூடாது.) இரண்டாவது, தூண்டில் வடிவினது. அரசனின் இசைவுடன் இதனை எவரும் செய்யலாம். விரும்பிய குறியை இடலாம். மூன்றாவது, அரசனுக்கே உரிய பணம்; மிகச் சிறியது. அதனைப் பிறர் அடித்தால் மரணதண்டனை.

நொக்ஸ் தூண்டில் வெள்ளியைப்பற்றிக் கூறும் அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. அதன் வெள்ளி ஸ்பானிய எட்டு இறியால் காசின் வெள்ளியிலும் தூயது என்கின்றார். ஐயம் எழுந்தால் அதனை நெருப்பிற் செக்கச் சிவக்கக் காய்ச்சி நீரில் இடுவர், வெள்ளை வெளேரென்று வந்தாற் செல்லும், வராவிட்டாற் செல்லாது. ஒரே இராச்சியத்துள், ஒரே சந்தையில், இருவேறு நம்பிக்கைகள் அருகருகே இயங்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பணத்தைக் காத்தது அரசனின் வாள். தூண்டில் வெள்ளியைக் காத்தது நெருப்பு.

நொக்ஸின் கூற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வினா எழலாம். அவர் கண்டி அரசனை வெறுத்தவர், அந்நிய நாட்டவர், தம் நாட்டு வாசகருக்காக எழுதியவர். அரசனின் குணம், மதச் சடங்குகள் ஆகியன பற்றி அவர் எழுதியவற்றை வாசிக்கும்போது இவை கருத்திற் கொள்ளப்பட வேண்டும். ஆனால் காசு பற்றிய பகுதி வேறு தன்மையது. சிறையிருந்த காலத்தில் நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பொதி சுமந்து ஊரூராகச் சென்று சில்லறை வியாபாரம் செய்தார். காசைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, ஐயுற்று, ஏற்ற ஒருவரின் கூற்று அது. அரசவை வரலாற்றாசிரியன் எவனும் இப்படி எழுதியிரான். அவனுக்குக் காசைச் சுட்டுப் பார்க்க வேண்டிய தேவை நேர்ந்திராது. நாணய ஆய்வாளர் பலர் நொக்ஸை மேற்கோளாகக் கொண்டபோதும், அவர் காசின் பெயரையும் பெறுமதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த நெருப்பை ஒரு சுவையான துணுக்காக விட்டுச் சென்றமை பெருங்குறையாகும்.

ஸ்பானிய வெள்ளியோடு நொக்ஸ் செய்யும் ஒப்பீடும் ஆராயத்தக்கது. அவ்வெள்ளியின் பெரும்பகுதி தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையிலிருந்து, பழங்குடி மக்களின் கட்டாய உழைப்பினால் எடுக்கப்பட்டது. அங்கிருந்த அக்கசாலையில் ஸ்பானிய அரசனின் பெயரும் சின்னமும் பொறித்துச் சுத்தியலால் அடித்த காசுகள் உலகெங்கும் சென்றன. ஆனால் 1640களில் அந்த அக்கசாலையிலேயே வெள்ளியிற் செம்பைக் கூட்டிக் கலக்கும் பெருமோசடி நிகழ்ந்தது. அது வெளிப்பட்டு, அதில் முதன்மையானவர் 1650இற் கொல்லப்பட்டார். அக்காசுகளின் மேல் இருந்த அரசமுத்திரை குறையற்றது. உள்ளிருந்த வெள்ளியே குறைபட்டது. பத்து இருபது ஆண்டுகளின் பின் கண்டி மலைநாட்டுச் சந்தையொன்றில் ஒருவர் காசை நெருப்பிலிட்டுப் பார்த்தாராயின், அதனை அறியாமை என்றோ பின்தங்கிய வழக்கம் என்றோ தள்ளிவிடுதல் இயலாது.

ஐரோப்பாவிலும் அக்காலத்தில் இதே சிக்கல் இருந்தது. கீழ் அச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையிற் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடித்துச் செய்த காசு ஒருபோதும் சரியான வட்டமாக அமைவதில்லை. அதன் விளிம்பு ஒழுங்கற்றது. ஆகவே விளிம்பைச் சிறிது கத்தரித்து எடுத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் இவ்வாறு கத்தரிப்பது அரசத் துரோகமெனக் கருதப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. 1662முதல் இயந்திரத்தால் அடித்து, விளிம்பிலும் எழுத்தோ வரியோ பொறித்த காசுகள் வந்தன. பழைய காசுகளோ தொடர்ந்து தேய்ந்து, 1690களில் அவற்றின் வெள்ளி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. 1695இல், காசின் பெறுமதி அதிலுள்ள வெள்ளியின் நிறையே என்று மெய்யியலாளர் யோன் லொக் வாதிட்டார். 1696இற் பழைய காசுகள் மீளப்பெறப்பட்டு உருக்கப்பட்டன. அரசிறை செலுத்துவோரிடமிருந்து குறித்த நாள்வரை அவை முகப்பெறுமதிக்கு ஏற்கப்பட்டன. நாள் கடந்தபின் கையில் வைத்திருந்தோர் நிறைக்கு விற்று நட்டப்பட்டனர். இறை செலுத்துமளவுக்கு வசதியற்றோரே அவருட் பலர்.

லொக் தத்துவமாக எழுதியதைக் கண்டிச் சந்தை நெருப்பாற் செய்துகொண்டிருந்தது எனலாம். வேறுபாடு சோதனையின் இடத்தில் உள்ளது. இங்கிலாந்தில் நம்பிக்கை இயந்திரத்துக்கும் அரசுக்கும் மாற்றப்பட்டது. அங்கு தவறு நேர்ந்தபோது இழப்பு கீழே இறங்கியது. தூண்டில் வெள்ளியின் உலகில் ஐயுற்றவனே சோதிக்கலாம். அதற்கு அடுப்பும் நீரும் போதும். இம்மரபு தமிழருக்குப் புதியதும் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிற் பொன்னின் தரத்தைக் குறிக்குமிடத்துத் துளையிட்டும் தீயிலிட்டும் பார்த்தமையை உணர்த்தும் தொடர்கள் வருகின்றன. உரைகல்லும் மாற்றும் இன்றும் தட்டாரின் தொழிற்சொற்கள். ஆயின் நாணய வரலாற்று நூல்களில் அரசர் வரிசை உண்டு. தட்டாருக்கு ஓர் அத்தியாயம் இல்லை. கம்பியை இழுத்து, மடித்து, அடித்து, வளைத்தவன் கையை மறந்துவிட்டு, அக்கம்பியில் இல்லாத தலையைத் தேடுவது எவ்வகை நியாயம்?

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். தலையில்லாக் காசு என்பதால் அதனை மக்களின் காசு எனப் போற்றிவிடுதல் எளிது, அது தவறு. எவ்வகைக் காசும் அரிதாகவே கிடைத்ததென்றும், பண்டமாற்றே பெரும்பான்மை வழக்கமென்றும் நொக்ஸே கூறுகின்றார். அரசனின் இசைவு அதற்கும் தேவைப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஏறத்தாழ ஐந்து கிராம் வெள்ளி ஒரு குடியானவனின் நாளாந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மிகப் பெரிது. அது வியாபாரியின் பொதியிலும், உத்தியோகத்தரின் பெட்டியிலுமே பெரிதும் இருந்திருக்கும். சிறிய கொடுக்கல் வாங்கலுக்குச் செப்புக் காசு தேவைப்பட்டது. செப்பு உலோகப் பெறுமதியால் மட்டும் செல்வதில்லை; அதற்கு நந்தியும் சேதுவும் போன்ற ஒரு குறி, அதாவது ஓர் அதிகாரம், வேண்டியிருந்தது. ஆகவே சேதுக் காசும் தூண்டில் வெள்ளியும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒன்று ஊர்ச் சந்தைக்கு, மற்றது கடல்வழி வாணிபத்துக்கு என்று பணி பகிர்ந்து நின்றவை. ஒன்றை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு ஒரு காலாற் நடப்பதாகும்.

இதனைத் தெளிவாக உணர வேண்டுமாயின், தலைநகரிலிருந்து அன்றி விளிம்பிலிருந்து நோக்குதல் வேண்டும். மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மாந்தைக்கு வடக்கே, பூநகரி நோக்கிச் செல்லும் கரையோர வீதியில் உள்ள பாப்பாமோட்டை அத்தகைய ஓரிடம். ‘மோட்டை’ என்பது சிறு நீர்நிலை. ஊரின் பெயரே குளத்தையும் வயலையும் நினைவூட்டுவது. மேற்கே ஆழமற்ற கடல். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையைச் சூழ்ந்திருந்த அதிகாரங்களை எண்ணிப் பார்க்கலாம். வடக்கே யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. மேற்கே மன்னார்த் தீவு 1560முதல் போர்த்துக்கேயர் கையிலும் 1658முதல் ஒல்லாந்தர் கையிலும் இருந்தது. கிழக்கே வன்னியர். தென்கிழக்கே கண்டி இராச்சியம். தெற்கே அரிப்புக் கோட்டை. நொக்ஸ் தப்பி ஓடி, அருவியாற்றின் கரைவழியே வந்து, 1679 ஒக்ரோபரில் ஒல்லாந்தரிடம் சேர்ந்த இடம் அது.

இத்தகைய கரையில் ஒருவர் எந்தத் தலையை நம்புவது? நாற்பது ஆண்டுக்குள் ஆட்சி இருமுறை மாறிய இடத்தில், அரசனின் குறியை மட்டும் நம்பியிருந்தவர் இருமுறை ஏமாந்திருப்பார். உருக்கினாலும் வெள்ளியாகவே எஞ்சும் காசு இங்கு ஏன் விரும்பப்பட்டிருக்கும் என்பதை விளக்க வேறு கோட்பாடு தேவையில்லை. அதேவேளை, இக்கரையின் செல்வமாகிய முத்து யாருக்கு வெள்ளியைக் கொணர்ந்தது என்பதும் கேட்கப்பட வேண்டும். பிரித்தானியர் காலத்து அரிப்பு முத்துக்குளிப்பிற் சுழியோடியின் கூலி, அவன் எடுத்த சிப்பிகளில் ஒரு பங்கே. சிப்பியினுள் முத்து இருந்தால் அவன் அதிர்ஷ்டம்; இல்லையேல் நாற்றமே எஞ்சும். சோதிக்கத்தக்க வெள்ளி வியாபாரிக்கும், சோதிக்க முடியாத சிப்பி சுழியோடிக்கும் சென்ற அந்த ஏற்பாட்டில் நாணயத்தின் சமூகப் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. ‘யாருடைய காசு?’ என்னும் வினாவை இந்த இடத்திற் கேட்டால், அதற்கு வமிசப் பெயர் விடையாகாது.

ஆய்வுமுறை சார்ந்த ஒரு குறையும் இங்கு வெளிப்படுகின்றது. நாணயவியல், எஞ்சிய காசுகளைக் கொண்டே பேசுகின்றது. செப்புக் காசு பெறுமதி இழந்ததும் எறியப்பட்டு மண்ணில் தங்கும். நூற்றாண்டுகளின் பின் உழுபவரின் கொழுவில் அகப்படும். வெள்ளியோ எறியப்படுவதில்லை. அது உருகிக் கொலுசாகவும், அரைஞாணாகவும், கோயில் விளக்காகவும் மாறிவிடும். எங்கோ புதையலாக மறைக்கப்பட்டு, மறைத்தவர் திரும்பி வராத இடத்தில் மட்டுமே அது காசாக எஞ்சும். ஆகவே வடபகுதியில் அரசச் செப்பு மிகுதியாகவும் வெள்ளி குறைவாகவும் கிடைப்பதிலிருந்து அக்காலப் பணப்புழக்கத்தை நேராக அனுமானித்தல் இயலாது. அரசரின் தலைகளும் சின்னங்களும் ஆய்வாளரின் மேசையில் மிகுந்திருப்பதற்கு, அவை மக்களால் எளிதிற் கைவிடப்பட்டமையும் ஒரு காரணம். இச்சிறிய உண்மை, காசைக் கொடியாக உயர்த்துவோர் சிந்திக்க வேண்டியதொன்று.

மறைத்தவர் திரும்பி வராத புதையல் என்பது பழங்கதை மட்டும் அன்று. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் மேற்குக் கரையூர்கள் போரினால் இடம்பெயர்ந்தன. வீட்டையும் வயலையும் சுமந்து செல்ல இயலாது. அத்தகைய வேளையிற் குடும்பமொன்றைக் காப்பது காதிலும் கழுத்திலும் கிடக்கும் சில கிராம் உலோகமே. அதனை வாங்குபவர் அதில் எந்த அரசனின் தலை உள்ளது என்று கேட்பதில்லை, உரைத்துப் பார்க்கின்றார். தூண்டில் வெள்ளியின் வரலாறு அந்த உரைகல்லில் இன்றும் தொடர்கின்றது.

நாணய ஆய்வு இனிச் செய்ய வேண்டுவன சில உள. சேதுக் காசின் ஆய்வு தொடர வேண்டும். அதனோடு, அதே மண்ணிற் புழங்கிய லாரின்களும் தங்காக்களும் ஒருங்கே வைத்து நோக்கப்படல் வேண்டும். காசின் முகத்தோடு அதன் நிறையும் மாற்றும் பதிவாக வேண்டும். அடித்த தட்டாரின் தொழில்முறை, இன்றும் அத்தொழில் அறிந்த முதியோரிடம் கேட்டு எழுதப்படல் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் எழுதும் ஆய்வாளர், தத்தம் அரசரின் காசுகளைத் தனித்தனிப் பேழைகளில் அடுக்குவதை விடுத்து, இருதரப்பாரும் ஒரே நெருப்பில் இட்டுப் பார்த்த இந்த வெள்ளியை ஒருமுறை சேர்ந்து எடுத்து நோக்குவாராயின், யார் முந்தியவர் என்ற வழக்குக்கு அப்பால், இத்தீவின் மக்கள் ஒருவரையொருவர் எவ்வாறு நம்பினர், எவ்வாறு ஏமாந்தனர் என்னும் வரலாறு எழுதப்படக்கூடும். அவ்வரலாற்றுக்கே நாணயம் என்னும் சொல்லின் இரு பொருளும் பொருந்தும்.